வீரமலையின் அளவுக்கு அடித்த சீட்

ஐம்பத்தொன்பதாம் வருஷம் காத்தமுத்துவுக்கு லாரி ஓட்ட லைசென்ஸ் கிடைத்தபோது, திருச்சியில் அவன் போய்ச் சேரக்கூடிய இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் மீரான் ராவுத்தரின் வாழைக்காய் மண்டி. ராவுத்தருக்கு இரண்டு லாரிகள், இரண்டும் பழையவை. முசிறியில் வாழைத்தார் ஏற்றி மெட்ராஸ் கொத்தவால் சாவடியில் இறக்கிவிட்டு வருவதுதான் அவற்றுக்கு வேலை. மற்றது பாலக்கரையில் இருந்த பெரிய கம்பெனி. மானேஜர், குமாஸ்தாக்கள், டெலிபோன் எல்லாம் உண்டு. பெங்களூருக்கும் ஆந்திராவில் பெஜவாடாவுக்கும் வண்டிகள் போயின. ஆனால் புதிதாகச் சேருகிறவனுக்கு அங்கே சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. யாராவது லீவு போட்டால் அவருடைய வண்டியை ஓட்டலாம். ஸ்பேர் டிரைவர் என்பார்கள்.

காத்தமுத்து பல வருஷம் கிளீனராக இருந்தவன். மற்றவர்களின் ஸ்டியரிங்கைத் துடைத்தே கை தேய்ந்திருந்தது. வண்டிக்கு முதலாளி ஆகும் ஆசையெல்லாம் அவனுக்கு இல்லை. ‘இது காத்தமுத்து வண்டி’ என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அவன் வேலைக்கு வராத நாளில் அது ஓடாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டான். ராவுத்தர் தன் பழைய ஃபார்கோ லாரியைக் காட்டி, இதை வேறு யாரும் தொட மாட்டார்கள் என்று சொன்னார். அவன் மனைவி மாரியாயிக்கும் அதுவே சரியாகப்பட்டது. பழ லாரி வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்கும். காத்தமுத்து வார்த்தை கொடுத்தான். ஆனால் அது ஆடி மாதம். ஆடியில் புதிய வேலை தொடங்கக் கூடாது என்று, ஆவணி பிறந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்தில் ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த தன் அறைக்குத் திரும்பினான்.

அந்த ஆடிதான் எல்லாவற்றையும் மாற்றியது.

வீரமலையும் காத்தமுத்துவைப் போலவே முசிறிக்காரன். இருவரும் ஒரே காலத்தில் கிளீனர்கள், ஒரே வாரத்தில் லைசென்ஸ் வாங்கியவர்கள். வீரமலை குள்ளம், காத்தமுத்து நெட்டை. சேர்ந்து நடந்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். வீரமலை பெரிய கம்பெனியில் ஸ்பேராகச் சேர்ந்தபோது காத்தமுத்து அவனுக்காக வருத்தப்பட்டான். பிறருக்காக வருத்தப்படுவதில் ஒரு சுகம் உண்டு. அதை அவன் முழுதாக அனுபவித்தான்.

கம்பெனிக்குப் புது சேஸிஸ் ஒன்று ஒதுக்கீடு ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் லாரி முழு உருவத்தில் வராது. என்ஜின், சக்கரம், இரும்புச் சட்டம், ஸ்டியரிங், இவ்வளவுதான். கதவு, கூரை, கண்ணாடி எதுவும் இராது. டிரைவர் ஒரு மரப்பெட்டியைச் சட்டத்தில் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து, மெட்ராஸிலிருந்து வெயிலிலும் புழுதியிலும் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். இங்கே வந்த பிறகு ஆசாரிகள் மரத்தால் கேபினும் பாடியும் கட்டுவார்கள். டிரைவர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: சேஸிஸை எடுத்து வந்தவனுக்கே வண்டி. அவன் விட்டுக்கொடுக்காமல் அதில் இன்னொருவன் உட்காரக் கூடாது. ஆனால் ஆடியில் புது வண்டி எடுக்கப் பழைய டிரைவர்கள் ஒருவரும் துணியவில்லை. ஆவணி வரை விட்டால் ஒதுக்கீடு வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று மானேஜர் தவித்தார். வீரமலை போகிறேன் என்றான்.

திருவானைக்காவல் டீக்கடையில் உட்கார்ந்திருந்த காத்தமுத்து அவன் வருவதைப் பார்த்தான். கொள்ளிடம் பக்கமிருந்து வெற்று என்ஜின் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. அதன்மேல், தலையிலும் முகத்திலும் துண்டு சுற்றிய ஒரு குள்ள உருவம். உடம்பெல்லாம் செம்மண். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். வீரமலை வேகத்தைக் குறைத்து, ஒரு கையைத் தூக்கி, “மாப்ளே, இன்னும் ஆடி கழியலையா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். காத்தமுத்து பாதி டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தான்.

அன்று முதல் அவனுக்கு ஃபார்கோவின் நினைவு வரவில்லை. காட்டூருக்கு இந்தப் பக்கம் தஞ்சாவூர் ரோட்டில் ஒரு கீற்றுக் கொட்டகையில் அந்த சேஸிஸுக்குப் பாடி கட்டினார்கள். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு காத்தமுத்து அங்கே போய் நின்றான். கேபின் கட்டும்போது டிரைவரை உட்காரவைத்துத்தான் ஆசாரி சீட்டுக்கு அளவெடுப்பார். வீரமலை உட்கார்ந்தான், காலை நீட்டி கிளட்சை மிதித்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் முன்னால் என்றான். இன்னும் கொஞ்சம் உயரம் என்றான். அவன் சொன்னபடியெல்லாம் பலகை ஏறியது, நகர்ந்தது. உலகத்தில் ஒரு பொருள் ஒரு மனிதனின் உடம்புக்கு ஏற்றபடி செய்யப்படுவதைக் காத்தமுத்து அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் சட்டைகூட யாரோ போட்டுக் கழித்ததுதான்.

பொறாமை கொண்டவன் அந்தப் பொருளை விரும்புகிறான் என்று நாம் எண்ணுகிறோம். அப்படியானால் அதே போன்ற வேறொன்று கிடைத்தால் அவன் அடங்கிவிட வேண்டும். காத்தமுத்துவுக்காக ஃபார்கோ காத்திருந்தது, அவன் அடங்கவில்லை. அவனுக்கு வேறு லாரி வேண்டாம். வீரமலையிடம் இருக்கும் லாரிதான் வேண்டும்.

பாடி முடியும் தறுவாயில் வீரமலைக்குக் கண் நோய் வந்தது. வழியெல்லாம் அடித்த புழுதி கண்ணை அறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டார்கள். ஆடியில் எடுத்தால் இப்படித்தான் என்று பழைய டிரைவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் ஆவணி பிறந்து வண்டி தயாரானபோது அதை ஓட்ட அவர்களில் ஒருவரும் முன்வரவில்லை. ஒருவர் தங்கை கல்யாணம் என்றார், இன்னொருவர் இடுப்பு வலி என்றார். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். அது வீரமலை வண்டி. மானேஜர் வெளியே ஆள் தேடினார். காத்தமுத்து தானாகவே போய் நின்றான்.

ராவுத்தரிடம் அவன் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. மாரியாயி அன்று சமைத்தாள், பரிமாறினாள். அவன் கை கழுவும்போது சொன்னாள்:

“சக்களத்தி ஒரு பொம்பளையா இருந்தா முடியப் பிடிச்சு சண்ட போட்டிருப்பேன். வீரமலை அண்ணனோட எப்படிங்க சண்ட போடுறது? காலைல எழுந்தா அவரு பேச்சு, படுத்தா அவரு பேச்சு. என்னைய நெனைக்க உங்களுக்கு எங்க நேரமிருக்கு?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

முதல் லோடு மெட்ராஸுக்கு. சீட்டில் உட்கார்ந்ததும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. தலை கூரையைத் தொட்டது. பெரம்பலூர் தாண்டுவதற்குள் கழுத்து மரத்துவிட்டது. விழுப்புரத்தில் கம்பெனி வண்டிகள் நிற்கும் ஓட்டலில் சாப்பிடப் போனான். கம்பெனி டிரைவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். இடம் இருந்தது. அவன் வந்ததும் ஒருவர் தன் துண்டைக் காலி இடத்தில் போட்டார். யாரும் திட்டவில்லை. நல்லுசாமி என்ற வயதான டிரைவர் மட்டும், அவனைப் பார்க்காமல், “சொகமா இருக்கா தம்பி, சீட்டு?” என்று கேட்டார். மற்றவர்கள் சாதத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் வேறு பெஞ்சில் சாப்பிட்டான்.

திரும்பி வந்ததும் ஆசாரியிடம் சொன்னால் அரை நாளில் பலகையை இறக்கிக் கொடுத்திருப்பார். அவன் சொல்லவில்லை. பெங்களூர் போனான், பெஜவாடா போனான். முழங்காலில் தோல் உரிந்து காய்ந்து மறுபடி உரிந்தது. சீட்டை மாற்றினால் அது வெறும் லாரியாகிவிடும். வீரமலையின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அந்த வலிதான் அவனுக்கு நிச்சயப்படுத்தியது. ஆஸ்பத்திரிப் பக்கம் அவன் போகவே இல்லை. கண் ஆறக் கூடாது என்று எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவில்லை. ஆறியதா என்று யாரிடமும் விசாரிக்கவும் இல்லை.

கண் ஆறியது. வீரமலை ஒரு நாள் காலை கம்பெனி வாசலுக்கு வந்து நின்றான். பெஜவாடாவிலிருந்து வந்த வண்டியிலிருந்து காத்தமுத்து இறங்கினான். இறங்கும்போது கால் மடங்கியது. சுற்றிலும் டிரைவர்கள் ஏதோ நடக்கும் என்று காத்திருந்தார்கள். வீரமலை ஏறி உள்ளே பார்த்தான், சீட்டைத் தடவினான், கீழே இறங்கினான்.

“பலகைய எறக்கிப் போட்டிருக்கலாமே மாப்ளே. முட்டி பேந்திருக்குமே.”

“உன் வண்டிதானே,” என்றான் காத்தமுத்து.

மற்றவர்கள் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். நல்லுசாமி வந்து தோளைக்கூடத் தட்டினார். அதை அப்படிப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. வேறு சொல் கிடைக்காமல்தான் அவன் அதைச் சொன்னான். ஆனால் சொன்ன பிறகு, அது உண்மை என்று அவனுக்கே கேட்டது. இத்தனை நாள் ஒரு வண்டியைக் காத்து, சிராய்ப்பு இல்லாமல் ஓட்டி, உரியவனிடம் கொடுத்திருக்கிறான். ஒரு கிளீனர் செய்கிற வேலை.

மானேஜர் அவனை உள்ளே கூப்பிட்டார். ஸ்பேராக இருந்தால் அடுத்த சேஸிஸ் வரும்போது பார்க்கலாம் என்றார். காத்தமுத்து ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். வீரமலை பானட்டைத் தூக்கி என்ஜினுக்குள் குனிந்திருந்தான். இங்கே இருந்தால் தினமும் அந்த முதுகைப் பார்க்க வேண்டும். புது வண்டி ஒன்று கிடைத்தாலும், அதை அந்த வண்டியோடு அளந்துகொண்டே ஓட்ட வேண்டும். அவனுக்கு அது முன்கூட்டியே தெரிந்தது. தன்னைத் திருத்திக்கொள்ள முடியும் என்று அவன் நம்பவில்லை. தன்னை வேறு இடத்துக்கு நகர்த்த முடியும் என்று மட்டும் நம்பினான். சொல்லிக்கொண்டு வெளியே வந்து, நேரே மார்க்கெட்டுக்கு நடந்தான்.

ராவுத்தர் தார்களுக்கு நடுவில் நின்றிருந்தார். ஃபார்கோவுக்கு வேறு ஆள் வந்துவிட்டது என்றார். மற்ற வண்டி, அதைவிடப் பழைய பெட்ஃபோர்டு, டிரைவர் இல்லாமல் நின்றது. காத்தமுத்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான்.

“போன தடவ வார்த்த கொடுத்துட்டுப் போனே,” என்றார் ராவுத்தர். “இந்தத் தடவ வார்த்தையெல்லாம் வேணாம்ப்பா. தாரு பழுத்துக்கிட்டிருக்கு. சாவிய எடு.”

எடுத்தான். அந்தப் பெட்ஃபோர்டை அறுபதுகள் முழுவதும் ஓட்டினான். மார்க்கெட்டில் அதைக் காத்தமுத்து வண்டி என்றுதான் சொன்னார்கள். அவன் ஜுரத்தில் படுத்த நாட்களில் அது மண்டி வாசலிலேயே நின்றது. வீட்டில் வீரமலையின் பேச்சு குறைந்தது. நின்றுவிட்டது என்று மாரியாயி எப்போதும் சொன்னதில்லை. ரோட்டில் எதிர்ப்படும் ஒவ்வொரு லாரிக்கும் காத்தமுத்து கையைத் தூக்குவான். பாலக்கரைக் கம்பெனியின் அந்த ஒரு லாரி எதிரே வந்தால், முதலில் அதன் டயர்களையும் பெயின்டையும் பார்ப்பான். தேய்ந்திருந்தால் அவனுக்குச் சற்று நிம்மதி. அதன் பிறகு, வண்டி கடந்துபோவதற்குச் சற்று முன்னால், கை எழும்பும்.