சாக்கட்டி வட்டங்கள்

கார் ஓடும்போது என் பிள்ளைகள் கால்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்றைக்கும் குனிந்து பார்ப்பேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பினாங்கில், டத்தோ கிராமாட்டில், எங்கள் வீட்டு முற்றம்தான் அப்பாவின் பட்டறை. கடற்காற்று தின்ற கார்களின் உடம்பைச் சரிசெய்வது அவர் தொழில். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒருநாள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரை கிடையாது. சீமைக்குத் திரும்பிய துரை, கடலோரக் கொட்டகையில் விட்டுப்போனதாம்.

அப்பா சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, இது காரு இல்ல, சல்லடை."

"சல்லடையா இருந்தா என்ன அத்தான், ஓடினா போதும்லா!"

துருப்பிடித்த இடங்களையெல்லாம் அப்பா பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்கட்டியால் வட்டமிட்டார். காருக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. துருவை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து, ஆணியடித்து, அரத்தால் ராவி முடித்ததும் அந்த வட்டத்தை உள்ளங்கையால் துடைப்பார். வட்டம் போய்விட்டால் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். மாமா ஆள் வைத்து என்ஜினைப் பழுதுபார்த்துவிட்டு, தினமும் மாலையில் வந்து மிச்சமுள்ள வட்டங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒரே ஒரு வட்டம் பாக்கி. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்காருபவர் கால் வைக்கும் தரையில் இருந்தது அது. பூஜையன்று ஆயுதங்களைத் தொடக்கூடாது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சுத்தியலையும் உளிகளையும் கழுவி, எண்ணெய் தடவி, சாமி படத்தின் கீழ் வைத்தார்.

காலையில் அம்மா என்னிடம் ஈரத்துணியும் சந்தனக் கிண்ணமும் கொடுத்து, "மாமா காரத் தொடச்சிப் பொட்டு வைடி" என்றாள். நான் அக்கறையான பெண். சாமி பார்க்கும் நாளில் கிறுக்கல் எதற்கு என்று அந்த வட்டத்தையும் அழுத்தித் துடைத்து, அதே இடத்தில் பெரிதாகச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

பூஜை முடிந்து, அப்பா பக்கத்துச் சீனர் கடைக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்தார். மாமா காருக்குள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். "ஆஹா, அத்தான் முடிச்சிட்டாரு!" என் ஐந்து வயதுத் தம்பியைத் தூக்கி உள்ளே விட்டார்.

"அவரு வந்துரட்டுமேடா," என்றாள் அம்மா.

"சும்மா பாசார் வரைக்கும்லா அக்கா."

சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. முன் கண்ணாடிக்கு மேலே பார்க்க வேண்டுமென்று தம்பி எழுந்து நின்றான், என் பொட்டின்மேல். கார் சாக்கடைப் பலகையில் ஏறி இறங்கிக் குலுங்கியது. நின்ற இடத்தில் தம்பி இல்லை.

மாமா போட்ட பிரேக் சத்தத்தில் அப்பா சுண்டல் தட்டோடு ஓடிவந்தார். தரையைப் பொத்துக்கொண்டு இறங்கிய தம்பி, அக்குளில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தான். கால்கள் தெருவைத் தொட்டன. செருப்புகள் இரண்டும் பின்சக்கரத்துக்கு அருகில் கிடந்தன. தூக்கியபோது தொடையில் ஒரு நீளக் கீறல், அவ்வளவுதான். அவன் அழுததெல்லாம் செருப்புக்காக.

"வட்டத்த யாரு அழிச்சது?"

"நான்தான்பா. சாமிக்காக."

கண்களை மூடிக்கொண்டு, கன்னத்தில் விழப்போகும் அறைக்குக் காத்திருந்தேன். அறை விழவில்லை. அப்பா உள்ளே போய், சாமி படத்தின் கீழிருந்த சுத்தியலைப் பூவோடு எடுத்துவந்து காரின் தரையை அடிக்கத் தொடங்கினார். "ஐயோ, இன்னைக்கு அதத் தொடலாமா?" என்று அம்மா கத்தியது அவர் காதில் விழவில்லை. துருவை மட்டுமல்ல, அவரே வைத்த புதுத் தகடுகளையும் சேர்த்து அடித்தார். மாமா தடுக்கவில்லை.

எனக்கு விழவேண்டிய அடியெல்லாம் காருக்கு விழுகிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்பாவுக்கு அந்தக் கார்மேல் அத்தனை கோபமா என்று வியந்தேன். நடுவில் இரண்டு முறை சுத்தியல் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. பூஜைக்குத் தடவிய எண்ணெய்தான் வழுக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.