பன்னிரண்டாவது கட்டம்

எங்கள் ஊர் பாஸ்கெட்பால் டீமில் பதினான்கு வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரை வழியனுப்புவதற்காக நாற்பது துண்டு நெய்தோம். அவற்றில் ஒன்றைக்கூட அன்றைக்கு அவர் தோளில் போடவில்லை. மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் அந்தத் துண்டில் முகம் துடைக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அவரை நாங்கள் பதினஞ்சு என்போம். அது அவருடைய சட்டை எண். முன்பெல்லாம் பாஸ்கெட்பாலில் சட்டை எண் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு எண். எல்லாரும் எடுத்ததுபோகக் கடைசியாக மிஞ்சும் சட்டை பதினைந்து. அது அவருக்கு மிஞ்சியது. பிறகு விதி மாறி, யாரும் எந்த எண்ணும் போட்டுக்கொள்ளலாம் என்று வந்தது. மற்றவர்கள் பிடித்த எண்ணுக்கு மாறினார்கள். இவர் மாறவில்லை.

நான் ஓரிடத்தில் நிலையாக இருந்தவன் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். திருப்பூர், எர்ணாகுளம், அப்புறம் ஒரு வருடம் லாரியில் கிளீனர். எங்கே வேலை நின்றாலும் சங்கரன்கோவிலுக்கு வந்து ஏதாவது ஒரு தறிக்கூடத்தில் நாலு மாதம் ஓட்டுவேன். அப்படி வந்த ஒரு தடவை தறி பெல்ட்டில் இடது கை சிக்கி இரண்டு விரல் போயிற்று. அங்கே தறி ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரியாக இருந்த பதினஞ்சுதான் கையைத் துணியில் சுற்றி, தன் மொபெட்டில் உட்காரவைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் மயங்கிச் சரிந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் பாஸ்கெட்பால் விதிகளைச் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினார். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டுக்கு மேல் போகக் கூடாது. எனக்கு அந்த நேரத்தில் அந்த ஆளை அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டுப் பிரித்த வாரம் போய் மேட்ச் பார்த்தேன். விதியெல்லாம் ஒப்பித்த மனிதர் கடைசிவரை உள்ளே இறங்கவே இல்லை.

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. தரையில் வேர்வை சொட்டினால் முதலில் ஓடிப்போய்த் துடைப்பவர் அவர். சுளுக்கிய காலுக்குக் கட்டுப் போடுவது, எதிர் டீமில் எவன் இடது கைக்காரன் என்று உள்ளே நிற்கும் பையன்களுக்குக் கத்திச் சொல்வது எல்லாம் அவர் வேலை. மேட்சுக்கு முன்னால் டீம் லிஸ்ட் எழுதிக் கொடுப்பதும் அவர்தான். அச்சடித்த மாதிரி எழுத்து. அந்தத் தாளில் பன்னிரண்டு கட்டம் இருக்கும். அதில் பேர் இருப்பவன்தான் இறங்கலாம். விசில் ஊதிவிட்டால் யார் வந்து கேட்டாலும் பேர் சேர்க்க முடியாது.

மைதானத்தின் மேற்குப் பக்கச் சுவர் எங்களுடையது. தறிக்காரர்கள், மினி பஸ் டிரைவர்கள், பூ மார்க்கெட்டில் மாலை கட்டும் ஓர் அக்கா, என்னைப் போல வந்துபோகிறவர்கள். எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் டீம் இருபது பாயிண்ட் முன்னால் போய்விட்டால் சுவர் மொத்தமும் சேர்ந்து, பதினஞ்சை இறக்கு, பதினஞ்சை இறக்கு என்று கத்தும். கோச்சுக்கு மனசிருந்தால் கடைசி ஒரு நிமிடம் இறக்குவார். அந்த ஒரு நிமிடத்துக்குச் சுவரில் எழும் சத்தம், மேட்ச் ஜெயித்ததற்குக்கூட எழாது. ராயகிரி டீமோடு ஆடியபோது ஒரு தடவை அவர் எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி விழுந்தது. பதினான்கு வருடத்தில் அது ஒன்றுதான். அதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் இன்று இருநூறு பேர். அன்று சுவரில் முப்பது பேர்கூட இல்லை.

முப்பத்தொன்பது வயதில் அவருக்கு ஷார்ஜாவில் ஒரு குடோன் வேலைக்கு விசா வந்தது. மே மாத டோர்னமெண்ட் முடிந்த மூன்றாம் நாள் விமானம். ஃபைனலுக்கு வந்துவிட்டால் அதுதான் அவருடைய கடைசி மேட்ச். வந்துவிட்டோம். புளியங்குடி டீமோடு, ஞாயிறு மாலை.

பெரிய மனிதர்களுக்குப் போடும் பொன்னாடை நமக்கு எதற்கு, நம் தறியில் நாமே நெய்து போடுவோம் என்று சுவரில் முடிவாயிற்று. ஓரத்தில் 15 என்று நெய்த வெள்ளைத் துண்டு. பார்டரில் எண் சரியாக விழுவதற்கு இரண்டு நாள் பிடித்தது. முதலில் ஐந்து தலைகீழாக வந்து எல்லாரும் சிரித்தோம். அக்கா ரோஜாவும் பிச்சியும் சேர்த்து ஆள் உயரத்துக்கு மாலை கட்டினார். மேளக்காரர்களைச் சொல்லி வைத்தோம். அவர் இறங்கும்போது யார் முதலில் எழுந்து நிற்பது என்றுகூடப் பேசி வைத்தோம். எல்லாவற்றையும் யோசித்த நாற்பது பேரில் ஒருத்தருக்குக்கூட அந்தத் தாளைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

மேட்ச் எங்கள் கையில்தான் இருந்தது. ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் இருபத்தாறு பாயிண்ட் முன்னால் போய்விட்டோம். சுவர் கத்தத் தொடங்கியது. கோச் திரும்பிப் பார்க்கவில்லை. பதினஞ்சு தலையைக் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் இருந்தது. மேளம் தொடங்கிவிட்டது. துண்டுகளைத் தலைக்கு மேல் சுழற்றினோம். கோச் எழுந்தார், பெஞ்சின் கடைசியைப் பார்த்துக் கை காட்டினார். நாங்கள் எல்லாரும் சுவர்மேல் ஏறி நின்றுவிட்டோம்.

எழுந்து போனது இருபத்து மூன்று என்ற எண் போட்ட ஒரு பையன். அவனை அதற்கு முன் ஒரு பிராக்டிஸில்கூட யாரும் பார்த்ததில்லை. அந்த வருட டோர்னமெண்டுக்கு ஸ்பான்சர் செய்தவரின் மகன், சென்னையில் படிக்கிறான், லீவுக்கு வந்திருக்கிறான் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். மேடையிலிருந்து அவனுடைய அப்பா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பையன் மேல் தப்பில்லை என்று இப்போது எழுதலாம். அன்றைக்கு அவன் மேலும் எனக்குக் கோபம்தான்.

சுவரிலிருந்து குதித்து ஸ்கோர் எழுதும் மேஜைக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் வெளியூர்க்காரர். பதினைந்தாம் நம்பர் லிஸ்டிலேயே இல்லை, வேண்டுமானால் பார்த்துக்கொள் என்று தாளைத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டாவது கட்டத்தில் அந்தப் பையன் பேர். அச்சடித்த மாதிரி எழுத்து.

விசில் ஊதி மேட்ச் முடிந்ததும் பெஞ்சுக்குப் போனேன். அவர் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். மேல்சட்டைக்குள் பதினைந்து எண் போட்ட சட்டை தெரிந்தது.

"அண்ணாச்சி, அது ஒங்க எழுத்துதான?"

"ஆமாலே."

"ஒங்க பேரு எங்க?"

"கட்டம் பன்னெண்டுதான மக்கா இருக்கு."

அதற்கப்புறம்தான் நடந்ததைச் சொன்னார். மத்தியானம் லிஸ்ட் எழுத உட்கார்ந்தபோது எங்கள் ஊர் பாஸ்கெட்பால் சங்கத் தலைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஸ்பான்சர் மகன் பேரைச் சேர்க்கணும், ஒரு பேரை எடுத்துவிட்டு எழுதுங்கள் என்றிருக்கிறார். யாரை எடுக்க என்று சொல்லவில்லை. அதை மட்டும் கவனமாகச் சொல்லாமல் விட்டுவிட்டு, பேனா மூடியைத் திறந்து கையில் கொடுத்திருக்கிறார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கத்தினேன்.

"யாரைலே எடுக்கச் சொல்லுத? வெயில்ல ஓடி ஓடி விளையாடுத பயலையா? நீயே ஒரு பேரைச் சொல்லு."

குனிந்து ஒரு பாட்டிலை எடுத்து அவர் பையில் போட்டேன்.

"கேக்காம ஒண்ணும் இல்ல மக்கா. கடைசி மேட்ச், ஒரு நிமிசமாச்சும் இறங்கணும்னு ஆசையா இருக்குன்னு வாயைத் தொறந்து கேட்டேன். இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் கேட்டேன். அவரு சிரிச்சிக்கிட்டே, ஒமக்கென்ன வே, பெஞ்சுல இருந்தாலே ஊரே கைதட்டுது, உள்ள இறங்கி என்ன செய்யப் போறீருன்னுட்டாரு."

பாட்டில் பையின் வாயைக் கட்டி ஓரமாக வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தலைவர் மேல் வந்த கோபம் அந்த இடத்தில் பாதி எங்கள் மேலேயே திரும்பியது. இத்தனை வருடம் சுவரில் உட்கார்ந்து நாங்கள் போட்ட சத்தத்தைத்தான் அந்த ஆள் எடுத்து அவர் முகத்தில் அடித்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் நாங்களும் என்ன செய்தோம்? இருபது பாயிண்ட் முன்னால் போனால்தான் அவரை இறக்கச் சொன்னோம். இரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தபோது ஒருநாளும் அவர் எண்ணைச் சொன்னதில்லை. அன்பு இருந்தது, அது பொய்யில்லை. அதில் கொஞ்சம் வேடிக்கையும் இருந்தது. அவர் அதைத் தெரிந்தே எங்களைப் பார்த்துக் கையாட்டியிருக்கிறார்.

பரிசளிப்பில் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பெஞ்சிலிருந்தபடியே அணியைத் தாங்கிய தூண் என்று தலைவர் மைக்கில் பேசினார். ஜரிகைப் பொன்னாடை ஒன்றைப் பிரித்துப் போர்த்தினார். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். மைக்கை அவர் கையில் கொடுக்கும்படி மாலை கட்டும் அக்கா கீழேயிருந்து சத்தம் போட்டார். கொடுத்தார்கள். ஏதாவது சொல்லுவார், சபையில் வைத்துக் கேட்பார் என்று காத்திருந்தேன். ஜெயித்த டீமின் பேர்களை மட்டும் லிஸ்டில் எழுதிய வரிசையில் சொன்னார். பன்னிரண்டாவது பேரையும் சொன்னார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

நாங்கள் கைதட்டவில்லை. ஒருத்தன் எழுந்தான், எல்லாரும் எழுந்தோம். துண்டுகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தோம். மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். மாலையை அக்கா சுவர்மேலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அது தலைவருக்குக் காட்டிய கோபம். தலைவரோ எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து இறங்கிச் சுவரைப் பார்த்து நடந்து வந்தவர் பதினஞ்சுதான். அங்கே ஒருவரும் இல்லை. ஒரே ஒரு மாலை இருந்தது. இதைப் பிறகு மேளக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மதுரை பஸ்ஸுக்கு அவர் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் நாற்பது பேரும் நின்றோம். பெட்டி பூட்டு சரியில்லையென்று கயிறு போட்டுக் கட்டியிருந்தார். கயிறு அறுக்காமலிருக்க நாலு மூலையிலும் அந்தப் பொன்னாடையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எங்களில் ஒருத்தன் துணிந்து துண்டை நீட்டினான். வாங்கி ஓரத்து எண்ணைத் தடவிப் பார்த்தார்.

"அஞ்சு கொஞ்சம் கோணலா இருக்கே. யாரு தறிலே?"

என் தறி என்றேன். ரெண்டு விரலை வைத்துக்கொண்டு இவ்வளவு நெய்ததே பெரிசு என்றார். எனக்கு எட்டு விரல் இருக்கிறது என்றேன். பஸ் எடுத்துவிட்டார்கள்.

இப்போதும் நான் வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறேன். மே மாதம் மட்டும் எங்கிருந்தாலும் ஊருக்கு வந்துவிடுவேன். தலைவர் மாறவில்லை. சுவரும் அதே சுவர். ஆனால் இருபது பாயிண்ட் போனால் நாங்கள் கத்துவதில்லை. மேட்ச் தொடங்க அரை மணி இருக்கும்போது நாலு பேர் மேஜைக்குப் போய் டீம் லிஸ்டைக் கேட்கிறோம். பார்வையாளர்களுக்குக் காட்டும் தாள் இல்லை இது என்று விரட்டுவார்கள். போன வருடம் தலைவரே வந்து, படிக்காத பயல்களுக்கு லிஸ்டில் என்ன வேலை என்று கேட்டார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அவர் முன்னாலேயே விரல் வைத்து, முதல் கட்டத்திலிருந்து பன்னிரண்டாவது கட்டம்வரை சத்தமாகப் படித்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பன்னிரண்டும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் போய்ச் சுவரில் உட்கார்ந்தோம்.