அடுப்படித் தரையில் ஒரு தீவு

போன மாசம், எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கார அம்மா ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அடுப்படித் தரை வெடித்துவிட்டது, மேலே ஒரு பூச்சுப் பூசிவிடலாம் என்றார். கொத்தனார் குந்தி உட்கார்ந்து, தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் கதவோரத்தில் நின்றுவிட்டார். "இது என்னண்ணே, மாங்காயா?" என்று கேட்டார். சிமிண்டில் கீறிய உருவம் அது. ஒரு முழ நீளம் இருக்கும். மேலே ஒடுங்கி, கீழே பருத்திருக்கும். அதன் ஓரமாகச் சின்னச் சின்னக் குழிகள். சில குழிகளில் மட்டும் சிவப்புக் குன்றிமணி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில், கொஞ்சம் கீழே தள்ளி, ஒரு பெருவிரல் அழுந்திய பள்ளம். கேட்டவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் எனக்கு வாய் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், ஆனாலும் எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுலபமாக இருக்கிறது. எழுதும்போது எதிரே யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

அது மாங்காய் இல்லை, இலங்கை. கீறியது என் மனைவி.

அவள் அங்கே நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பாவுக்குச் சொந்த ஊர் நம் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். பிழைக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பெண்ணை மட்டும் சொந்த மண்ணில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று, தூரத்து உறவான எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஐம்பதுகளின் நடுவில் அவள் ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்து திண்டுக்கல்லில் என் மனைவி ஆனாள். நான் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து காய்கறியும் வெங்காயமும் ஏற்றி வந்து மார்க்கெட்டில் இறக்குவது என் வேலை. வண்டியில் நான் பேச வேண்டியதில்லை. வீட்டில் அவள் பேசுவாள், நான் கேட்பேன். எங்கள் குடித்தனம் அப்படி ஓடியது.

வந்த புதிதில் வீட்டுக்கார அம்மா அவளைச் சிலோன்காரி என்றுதான் கூப்பிடுவார். "ஏண்டி சிலோன்காரி, உங்க ஊரு அம்புட்டு அழகாம்லடி, சொல்லேன், என்னென்ன பாத்த?" என்று குழாயடியில் வைத்துக் கேட்டார். அவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "தேயிலைச் செடி பாத்தேங்க்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "கடலு?" "கப்பலு ஏறுறப்ப பாத்தேன்." "கண்டி?" "பேரு கேட்டிருக்கேன்." "அடிப் பாவி மகளே, அங்கனயே பொறந்து வளந்துட்டு ஒண்ணுமே பாக்கலையா? நீ சிலோன்ல இருந்து வந்தியா, இல்ல இந்தா பக்கத்துல செம்பட்டியில இருந்து வந்தியா?" அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் குடத்தைத் தண்ணீர் சிந்தப் பொத்தென்று இறக்கி வைத்தாள். அவர்கள் சொன்னது உண்மை. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடு, கொழுந்து பறிக்கும் மலைச்சரிவு, சம்பள நாளில் கூடும் கடை. பதினெட்டு வயது வரை அவளுக்கு இலங்கை என்றால் அவ்வளவுதான். கப்பலுக்கு வந்த ரயிலிலும் மழைக்காக ஜன்னல் பலகையை இறக்கிவிட்டார்களாம். மற்ற ஊரெல்லாம் சம்பள நாளில் மூட்டை கட்டிக்கொண்டு வரும் துணிக்காரர் வாயால் கேட்டதுதான். திருகோணமலையில் பக்கம் பக்கமாக ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. மட்டக்களப்பில் நிலா வெளிச்சத்தில் மீன் பாடும். காலியில் கடலுக்குள் கோட்டை. இவற்றை எல்லாம் அவர் சேலையை விரித்துக் காட்டுகிற மாதிரியே சொல்லுவாராம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கோலமாவை எடுத்துத் தரையில் அந்தத் தீவைப் போட்டாள். "ஒரு தடவ நாம இதைச் சுத்திட்டு வருவோமாங்க? காருல?" என்றாள். அவள் தம்பி தோட்டத்தில் லாரி ஓட்டினான், யாரிடமாவது ஒரு பழைய காரை வாங்கித் தருவான், நான் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் அந்தத் தரையில் அந்தத் தீவு முளைத்தது. காலையில் எறும்பு தின்றுவிடும். அடுத்த முறை போடும்போது கொஞ்சம் ஒல்லியாகவோ, கொஞ்சம் குண்டாகவோ இருக்கும். பார்க்க வேண்டிய இடத்துக்கெல்லாம் அவள் புளியங்கொட்டை வைப்பாள். நான் லாரிக்காரன், எனக்குத் தெரிந்தது என்ஜின் சூடுதான். எந்த மேட்டில் வண்டி காயும், எங்கே நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பார்த்து நான் குன்றிமணி வைப்பேன். அவள் புளியங்கொட்டையைவிட என் குன்றிமணி அதிகமாகிவிடும். "நீங்க ஊரு பாக்க வாரீகளா, தண்ணி ஊத்த வாரீகளா?" என்பாள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில்தான் ஒரு நாள் பேச்சு வந்தது. கப்பலில் போய்த் தலைமன்னாரில் இறங்கினால் நேரே தெற்கே வந்து கண்டி வழியாக மலை ஏறிவிடலாம், முதலில் உன் அம்மாவைப் பார்த்துவிடலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆன தையில் நாங்கள் பழனிக்குப் போயிருந்தோம். அங்கே மலையடிவாரத்தை வலமாகச் சுற்றி வந்த பிறகுதான் படி ஏற வேண்டும் என்று என் அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அது அவள் மனசில் பதிந்துபோய்விட்டது. "சுத்தாம ஏறக் கூடாதுங்க. எங்க அம்மா மலையில இருக்கு. மொதல்ல கீழ சுத்துவோம். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, கதிர்காமம், காலி, கொழும்பு. எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டு, அப்புறம் மலை ஏறுவோம். எங்க அம்மா முன்னால போயி நின்னு, அம்மா நான் இதெல்லாம் பாத்துட்டு வந்தேன்னு சொல்லணும். அதுவும் பாவம், ஒண்ணும் பாத்தது இல்ல" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு கோடையில் லாரி முதலாளி எனக்குப் பத்து நாள் விடுப்புக் கொடுத்தார். கையில் இருந்ததை வைத்து நேரே தோட்டத்துக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். அவள் ஒரு பொழுது முழுக்க யோசித்தாள். பிறகு, "வேணாங்க, போனா முழுசாப் போவோம். அம்மா எங்க போயிறப் போகுது" என்றாள். அந்தப் பத்து நாளும் நாங்கள் வீட்டில்தான் இருந்தோம். சந்தோஷமாகத்தான் இருந்தோம். தாடிக்கொம்புக் கோயிலுக்குப் போனோம், இரண்டு சினிமா பார்த்தோம்.

அடுப்படி அதுவரை மண் தரை. வீட்டுக்கார அம்மா சிமிண்டுப் பூசிக் கொடுத்த அன்று, மறுநாள் வரை யாரும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் போனார். இவள் கதவோரம் குந்தி உட்கார்ந்து கொண்டை ஊசியால் ஈரச் சிமிண்டில் இலங்கையைக் கீறிவிட்டாள். இனிமேல் எறும்பு தின்ன முடியாது. அவள் புளியங்கொட்டையை அமுக்கினாள், என் குன்றிமணியையும் அமுக்கினாள். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்டி, புதுத் தரையிலயா கிறுக்கி வெப்ப? நீ என்ன பச்சப் புள்ளையா?" என்று கத்தினார். செத்த நேரம் கழித்து அவரே குனிந்து, "இதுல கதிர்காமம் எங்கனடி?" என்று கேட்டார். அவள் காட்டினாள். "அங்க இன்னொரு கொட்டையச் சேத்து வையி. எனக்குத் திருநீறு வாங்க மறந்துறாத" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியாக அவள் அம்மா இருக்கும் இடம். அதற்கு எந்தக் கொட்டையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் பெருவிரலை வைத்து அமுக்கினாள்.

அந்த வருஷம் பாஸ்போர்ட்டுக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டேன். என் போட்டோவைப் பார்த்து, "வாழைத்தாரு திருடுனவனப் புடிச்சு நிறுத்துன மாதிரியே இருக்கீக" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பொங்கல் கழிந்ததும் புறப்படுவதாக அவள் தம்பிக்கு எழுதினோம். மார்கழியில் புயல் வந்தது. வெங்காய மண்டியில் சுமை இறக்கிக்கொண்டிருக்கும்போது காதில் விழுந்தது, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது, ரயிலும் போய்விட்டது, கப்பல் பாலமும் போய்விட்டது என்று. வீட்டுக்கு வந்து சொன்னேன். எத்தனை சனம் செத்ததோ என்று அவள் முதலில் அழுதாள். அவள் வந்து இறங்கிய இடம் அது, அவளுக்குக் கண்ணில் நின்றது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேற எடத்துல இருந்து கப்பலு விடாமலா போயிருவாக" என்றாள். விடத்தான் செய்தார்கள். ஆனால் அதற்குள் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டுவிட்டது.

கீழாநெல்லி கொடுத்தோம், பத்தியம் இருந்தாள், கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மத்தியானச் சுமையை இறக்கிவிட்டு நேரே அவளிடம் போவேன். கண்ணும் நகமும் மஞ்சளாகக் கிடந்தாள். ஒரு நாள் அவளாகவே, "கெளம்புவோமாங்க?" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமன்னாரில் வண்டியை எடுத்தேன். வாய் திறக்கத் தெரியாத நான், அந்த நாட்களில் பேசியதுபோல் என் ஆயுளில் பேசியதில்லை. பார்க்காத ரோட்டையெல்லாம் சொன்னேன். இரண்டு பக்கமும் பனைமரம் என்றேன், எதிரே மாட்டுவண்டி என்றேன். வெந்நீர்க் கிணற்றில் காலை விட்டுப் பார்க்கிறாயா என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே, "இப்ப எங்க இருக்கோம்?" என்பாள். "மட்டக்களப்பு தாண்டிட்டோம்." "வண்டி சூடாயிருக்கும். தண்ணி ஊத்துங்க." அடுத்த நாள் கதிர்காமம். வீட்டுக்கார அம்மாவுக்குத் திருநீறு வாங்கச் சொன்னாள். அதற்கடுத்து காலிக் கோட்டை. ஒவ்வொரு நாளும் தூரம் குறைந்துகொண்டே வந்தது. பேச்சைக் கேட்கவே அவளுக்குத் தெம்பு இல்லை. மலைக்குப் போய்விடுவோம், இங்கிருந்து நேரே ஏறிவிடுவோம் என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். கொழும்பு வரைக்கும் வந்தோம். மலை ஏறவில்லை.

அவள் இறந்து ஓரிரண்டு வருஷம் கழித்து, இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அவள் அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். தம்பிக்கு அங்கேயே இருக்க இடம் கிடைத்தது. அவள் அம்மா பெயர் மட்டும் இந்தியாவுக்கு என்று வந்துவிட்டது. இந்தப் பக்கம் அந்த அம்மாவுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? திண்டுக்கல் ரயிலடியில் போய் நின்றேன். அதுவரை நான் பார்த்திராத அந்த அம்மா, ஒரு மூட்டையோடு இறங்கி, என் முகத்தை உற்றுப் பார்த்து, "போட்டோவுல இருக்க மாதிரியேதான் இருக்கீங்க மாப்புள" என்றார். அந்தத் திருட்டு முழிப் போட்டோவை இவள் அங்கேயும் அனுப்பியிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து, அடுப்படியில் காபித் தண்ணி வைக்கப் போனவர் அந்தத் தரையைப் பார்த்து நின்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதுதான் தலைமன்னார், அத்தை என்று தொடங்கினேன். இங்கேயிருந்து யாழ்ப்பாணம், பிறகு இப்படி இறங்கி என்று குழி குழியாகச் சொல்லிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். புளியங்கொட்டை எல்லாம் அதற்குள் கழன்றுபோயிருந்தது. அத்தை என் விரலைப் பார்க்கவே இல்லை. "இது?" என்று நடுப் பள்ளத்தைக் காட்டினார். அது நீங்கள் இருந்த இடம், அவள் பெருவிரலால் அமுக்கியது என்றேன். சுற்றி முடித்த பிறகு கடைசியில்தான் அங்கே வர வேண்டும் என்று அவள் சொன்னதையும் சொன்னேன். "சுத்துறதெல்லாம் எனக்கென்ன தெரியும் மாப்புள. அம்பது வருசம் அந்த மலையில கெடந்தேன். ஒரு ஊரும் பாக்கலையே" என்று சொல்லிக்கொண்டே தன் பெருவிரலை நேரே கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் வைத்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரல் அது. பள்ளத்துக்குள் முழுதாக இறங்கவில்லை. அத்தை எடுக்கவும் இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துச் சுண்டும் வரைக்கும் அப்படியே இருந்தார்.

போன மாசம் கொத்தனார் மாங்காயா என்று கேட்டபோது அத்தைதான் முறத்தைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்து, அரிசி பொறுக்க உட்கார்ந்துவிட்டார். "கெழவி எந்திரிச்சாத்தான பூச முடியும்" என்று கொத்தனார் என்னைப் பார்த்தார். வீட்டுக்கார அம்மாவும் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லட்டும் என்று நின்றார். "அந்த எடத்த மட்டும் விட்ருங்கண்ணே" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

சொன்னபடியே விட்டுப் பூசினார்கள். புதுத் தரை ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டது, அந்த இடம் மட்டும் தாழ்ந்து கிடக்கிறது. அடுப்படியைக் கழுவினால் தண்ணீர் வந்து அதைச் சுற்றி நிற்கிறது. அத்தை துணியால் ஒற்றி எடுக்கிறார். எல்லாம் காய்ந்த பிறகும் நடுப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடுகிறது. அதை அத்தை துணியால் எடுப்பதில்லை. விரலால்தான் எடுக்கிறார்.