இரண்டு தடவை கேட்ட பேச்சு

இரத்தினபுரி நீதிமன்றத்தில் தமிழர் சொல்வதைச் சிங்களத்தில் சொல்பவர் அவர். ஒட்டிய கன்னம், நிறம் வெளுத்த கோட்டு. வாய் திறக்குமுன் கண்களை மூடிக்கொள்வார்.

ஒரு தேயிலைத் தோட்டத்துத் தம்பதியின் விவாகரத்து வழக்கு முடிந்ததும், கன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஏங்க இப்ப இத்தனை பேர் பிரியுறாங்க?” என்று கேட்டேன்.

“போனு, குடி, வெளிநாட்டு வேலைன்னு என்னென்னமோ சொல்றாங்க. இன்னைக்கு அந்தப் பொண்ணு பேசினத, புருஷன் தமிழ்ல ஒரு தடவ கேட்டான். நான் சிங்களத்துல சொல்றப்ப இன்னொரு தடவ கேட்டான். அழுதுட்டான். வீட்டுல ஒரு தடவகூட முழுசா கேட்டிருக்க மாட்டான்.”

அவருடைய போன் அடித்தது. ஒரு பெண்குரல் ஏதோ சொல்லத் தொடங்கியது.

“சரி, சரி, வந்து பேசிக்கலாம்” என்று மனைவியின் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஆறிப்போன பிளேன்டீயைக் கண்மூடிக் குடித்தார்.