கன்னத்தில் போட்டுக்கொண்ட குற்றம்

லாரிக்குள் கேமரா வைத்தது டிரைவரைக் காப்பாற்றத்தான் என்று நான் ஆபீஸில் சேர்ந்த அன்றைக்குச் சொன்னார்கள். நம்பினேன். இன்றைக்கும் பாதி நம்புகிறேன். மலைச்சாலையில் கண் அசந்த ஒருவரை அது கத்தி எழுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே கேமரா மேல் எனக்குப் பகை கிடையாது. அது கத்துவதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்கிற மனிதர்களோடுதான் எனக்கு வழக்கு.

எங்கள் லாரிகள் ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலிருந்து காப்பிக்கொட்டை, மிளகு, சில்வர் ஓக் மரமெல்லாம் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்குகிறவை. ஒவ்வொன்றின் முன்கண்ணாடியிலும் ஒரு கேமரா இருக்கும். அதன் ஒரு கண் சாலையைப் பார்க்கும், இன்னொரு கண் டிரைவரின் முகத்தைப் பார்க்கும். டிரைவர் தூங்கினாலோ போன் பேசினாலோ அது சத்தம் போட்டு, அந்தச் சில நொடிப் படத்தை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு அனுப்பிவிடும். ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வரும் நான், அதைப் பார்த்து 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று அழுத்த வேண்டும். போன் பேசியதாக மூன்று 'ஆமாம்' விழுந்தால் டிரைவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். பேச்சே கிடையாது.

செம்மநத்தத்துக்காரர் ஒருவர் எங்களிடம் ஓட்டினார். ஐம்பதைத் தாண்டியவர். நேரில் பார்த்ததில்லை என்றாலும் அவர் முகம் எனக்கு அத்துப்படி. முன்பல் ஒன்று இருக்காது. வளைவு வந்தால் உதட்டைக் கடித்துக்கொள்வார். இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில், சாலையோரமாக முனியப்பன் இருக்கிறார். அங்கே வந்ததும் வண்டியை மெதுவாக ஊரவிட்டு, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், பிறகு விரல் நுனியில் ஒரு முத்தம். எங்கள் மலையில் வண்டி ஓட்டுகிற யார்தான் அதைச் செய்யாமல் போகிறார்கள்? பஸ் டிரைவர் செய்வார், கண்டக்டர் செய்வார், ஜீப்பில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கூட ஒரு கையை விட்டுவிட்டுச் செய்வார்.

கேமராவுக்கு முனியப்பனைத் தெரியாது. கன்னத்துக்குப் பக்கத்தில் கை போனால் போன். அவ்வளவுதான் அதன் படிப்பு.

எனக்கு முந்தைய ஷிப்டில் இருந்தவர் படத்தைச் சரியாகப் பார்க்காமலே அவருக்கு இரண்டு முறை 'ஆமாம்' அழுத்தியிருந்தார். மூன்றாவது என் திரைக்கு வந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'இல்லை' என்று அழுத்தினேன். மறுநாளும் வந்தது. அந்த வாரம் முழுக்க அவர் முனியப்பனைக் கும்பிட, மிஷின் போன் என்று கத்த, நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏம்மா, வர்றதுக்கெல்லாம் 'இல்லை' போட்டா மிஷினே தப்புன்னு ஆயிரும். மேலிடத்துல கேக்கறாங்க. அந்த செம்மநத்தத்து ஆளுக்கு ஒரு 'ஆமாம்' போட்டு முடிச்சுவிடு."

"அவரு கையில போனே இல்லீங்களே சார்."

"ஸ்டியரிங்ல கை இல்லைல்ல?"

"ஒரு கை இல்லீங்க. அப்படியே எழுதச் சொல்லுங்க, எழுதறேன். எச்சரிக்கை பண்ணி விட்ருவீங்க. போன்னு எழுதுனா அவரு ஊட்டுல அடுப்பு எரியாதுங்க."

"நீ என்ன அவருக்கு வக்கீலா?" என்றவர், அன்று மத்தியானமே அந்த டிரைவரை ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்.

திரையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, துண்டைக் கையில் பிடித்தபடி மேனேஜர் முன்னால் நின்றார்.

"நொம்பத் தப்புங்க சார். இனிமே கன்னத்துல போட்டுக்க மாட்டனுங்க. மனசுக்குள்ளயே கும்பிட்டுக்கறேன். வண்டிய மட்டும் புடுங்கிராதீங்க. எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல்தான் அதிகம் வந்தது. செய்யாத தப்புக்கு எதற்கு இந்தக் கெஞ்சல்?

"ஏனுங்ணா, நீங்க போன் பேசுனீங்களா?"

"இல்லீங்க கண்ணு."

"அப்பறம் எதுக்குங்க தப்புன்னு ஒத்துக்கறீங்க?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு வந்ததுக்கு 'ஆமாம்' அழுத்தறியா, இல்ல நாளைல இருந்து வீட்லயே உக்காந்துக்கறியா?"

எழுந்து நின்று என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்களே உக்காந்து உங்க பேர்ல அழுத்துங்க சார். அழுத்துனவங்க பேரும் சேர்ந்துதானே மேல போகும். போகட்டும்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கிற வாயா?

"காலைல வந்ததும் சுவத்துல இருக்கற அந்த முருகன் படத்துக்கு முன்னாடி நின்னு நீங்களும் போன்தான் பேசுனீங்க. நான் பார்த்தேன்."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் உட்கார்ந்தார். படத்தை ஒருமுறை ஓடவிட்டார், மறுபடியும் ஓடவிட்டார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், முத்தம். மவுஸைப் பிடித்த கை அப்படியே இருந்தது. கடைசியில், "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று எழுந்து வெளியே போனார். பழைய இரண்டு 'ஆமாம்' அப்படியே நின்றன. ஆனால் வண்டி அவரிடமே இருந்தது.

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மறுநாள் அவர் வண்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சந்தேகப்பட்டு, அந்த வளைவு வரும் நேரமாகப் பார்த்து நேரலையைத் திறந்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கண்ணை உயர்த்திக் கேமராவைப் பார்த்தார். வாத்தியார் பார்க்கிறாரா என்று பார்க்கும் பையனைப் போல, பயந்து பார்த்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது நான். இதற்காகவா அத்தனை சண்டை போட்டேன்?

அவர் சேலத்தில் சரக்கு இறக்கி முடிக்கும்வரை காத்திருந்து போன் செய்தேன். ஓட்டும்போது கூப்பிட்டால் மூன்றாவது 'ஆமாம்' வாங்கிக் கொடுத்த புண்ணியம் எனக்கே வந்து சேர்ந்துவிடும்.

"ஏனுங்ணா, இன்னிக்கு ஏன் கன்னத்துல போட்டுக்கல?"

"பயமா இருக்குதுங்க கண்ணு. மேல இருந்து பார்த்துட்டே இருக்குதில்லீங்க."

"பார்க்கறது நான்தானுங்ணா. வண்டிய மெதுவா விட்டுட்டு, நீங்க பாட்டுக்குப் போட்டுக்கோங்க."

"உன்ற வேலைக்கு வினையாயிருமே சாமி."

"நான் செய்யாத தப்புக்கு நான் பயப்பட மாட்டனுங்க. நீங்களும் பயப்படாதீங்க."

"பார்க்கலாமுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை என் திரை கத்தியது. போன், போன் என்று ஒரே சத்தம். படத்தைத் திறந்தேன். வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. இந்தக் கன்னம், அந்தக் கன்னம், முத்தம். முடித்துவிட்டுக் கேமராவை நேராகப் பார்த்து, அந்தப் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தார்.

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அவர் பார்க்கும்படியாகவே 'இல்லை' என்று அழுத்தினேன்.