அந்த வாசனை என்னுடையது என்று நினைத்தேன்

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். தரப் பரிசோதனைப் பிரிவு. பெயிண்டில் தின்னர் கலந்து, அடியில் ஓட்டை போட்ட கோப்பையில் ஊற்றி, எத்தனை நொடியில் வடிகிறது என்று பார்க்க வேண்டும். முதல் வருடம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். கூச்சமாக இருக்கும். பிறகு அந்த வாசனை எனக்கே தெரியாமல் போய்விட்டது.

போன வருடம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது என் மகள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் அசந்து கிடந்தாள். எழுப்பக் குனிந்தேன். தின்னர் வாசனை மூக்கில் ஏறியது. என் கைகளை முகர்ந்து பார்த்தேன். கம்பெனியிலேயே குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். மறுபடி போய் சோப்பு போட்டுக் குளித்தேன். பல வருடமாகத் தெரியாத வாசனை இன்று மட்டும் ஏன் தெரிகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை.

அவளுக்குப் பதினைந்து வயது. தண்டையார்பேட்டையிலிருந்து வியாசர்பாடிக்குக் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாவட்டப் போட்டியில் நாற்பத்தெட்டு கிலோ பிரிவில் அவளை இறக்குவது பயிற்சியாளரின் திட்டம். அவள் ஐம்பத்தொன்று இருந்தாள். எடை குறைப்பது அங்கே பிள்ளைகளுக்குப் பழகிப்போன காரியம். வெயிலில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். நடக்கும்போதும் எச்சிலைத் துப்பிக்கொண்டே நடப்பார்கள். போட்டி நெருங்கினால் தண்ணீரைக் குறைப்பார்கள். அந்தத் தண்ணீருக்குக் காவல், வீட்டில் அம்மாதான்.

மூன்று வாரத்தில் நாற்பத்தேழரைக்கு வந்துவிட்டாள். பயிற்சியாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இன்னாமா, பொண்ணுக்கு சோறு போட்றியா இல்லியா? தானா எறங்கிகினு கீது."

"எனக்கு வச்ச இட்லியும் அவதான் சார் துன்றா."

"அப்ப மெஷினு ரிப்பேரு," என்று சிரித்தார்.

பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணின் அம்மா, "அந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடுக்கா. எம் பொண்ணு காத்து குட்ச்சாலே ஏறிடுது," என்றாள். நானும் சிரித்தேன். என் பிள்ளை பயிற்சியில் அவ்வளவு உழைக்கிறாள் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் தண்ணீரைத்தான் அவளால் குறைக்க முடியவில்லை. சொம்பு சொம்பாகக் குடித்தாள். அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடினாள். போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு, கேன் தண்ணீரை என் அறையில் வைத்துப் பூட்டினேன்.

"ஒரே ஒரு மொடக்கும்மா. நாக்கு ஒட்டிக்கினு கீதும்மா."

"எடை போட்டு முடியட்டும். எவ்ளோ வேணா குடி."

அன்று மதியம் பாத்ரூமில் மக் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினேன். குளிக்க ரொப்பி வைத்திருந்த டிரம் தண்ணீரை, மஞ்சளாக இருக்கும் பம்புத் தண்ணீரை, மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். மக் தரையில் விழுந்து உருண்டது. அவள் அழவில்லை. அழக் கண்ணீர் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

போட்டியன்று காலை எடை போட்டார்கள். நாற்பத்தைந்தே முக்கால். "கீழ்ப் பிரிவுலயே எறக்கலாம் போலயே," என்றார் எடை எழுதியவர். நாலு பேர் கை தட்டினார்கள். மெஷினை விட்டு இறங்கியவள் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்தாள். ஓடியவள் வாங்குவதுபோல இல்லை. ஆழமாக, நிறுத்தாமல், ஒரே சீராக. தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. நான் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள், வாந்தி எடுத்தாள்.

"டென்ஷன்மா, சரியாப் பூடும்," என்ற பயிற்சியாளரே அவள் கண் சொருகியதைப் பார்த்துவிட்டு ஆட்டோவை நிறுத்த ரோட்டுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் ஒரு சின்னப் பெண். மகளின் முகத்தருகே குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"எத்தனை நாளா இந்த வாசனை இருக்கு?"

"அது என் மேல வர்றது டாக்டர். பெயிண்ட் கம்பெனில வேலை."

"நீங்க கொஞ்சம் அந்தக் கதவுகிட்ட போய் நில்லுங்கம்மா."

போய் நின்றேன். அவள் மறுபடி குனிந்தாள். "உங்க மேல இல்லம்மா. இவ வாயிலேர்ந்து வருது. அசிட்டோன்."

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். தின்னரில் இருப்பதும் அதுதான்; தினமும் பாட்டில்களில் அந்தப் பெயரை எழுதி ஒட்டுகிறவள். விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்துக்கு சர்க்கரை பார்க்கும் கருவி எண் எதுவும் காட்டவில்லை. அதன் கணக்குக்கு மேலே போயிருந்தது.

அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிய பிறகு அந்த டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னாள். இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது. சாப்பிட்டது எல்லாம் சர்க்கரையாக ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது, உடம்புக்குள் போகவில்லை. பட்டினி கிடக்கும் உடம்பு தன் கொழுப்பை எரிக்கிறது, தசையைக் கரைக்கிறது. எடை இறங்கியது அதனால். எரித்ததில் ரத்தம் அமிலமாகிறது. அந்த அமிலத்தை வெளியே தள்ளத்தான் அப்படி மூச்சு வாங்குகிறாள். சர்க்கரை சிறுநீரில் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அந்தத் தாகம்.

"தண்ணி நல்லா குடிச்சாளா?" என்று கேட்டாள்.

பூட்டியதைச் சொன்னேன். டிரம் தண்ணீரைச் சொன்னேன். அடித்ததை மட்டும் சொல்லவில்லை.

டாக்டர் கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினாள். பிறகு, "அந்தத் தண்ணியாவது உள்ள போச்சே," என்றாள்.

மூன்று நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் பிழைப்பாளா என்பதைத் தவிர அந்த மூன்று நாளில் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் என் கணவர் வண்டியை கேட் வரிசையில் பாதியிலேயே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றதாகச் சொல்கிறார். அது கூட நினைவில்லை. நாலாம் நாள் காலை கண்ணைத் திறந்தாள். நர்ஸ் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தபோது வாயைத் திறக்காமல், கண்ணாடி வழியாக என்னைத் தேடினாள்.

இப்போது அவளே தினமும் நாலு முறை ஊசி போட்டுக்கொள்கிறாள். எடை பழையபடி ஐம்பத்தொன்று. பயிற்சிக்குப் போகலாம் என்று இப்போது பார்க்கும் சர்க்கரை நோய் டாக்டர் சொல்லிவிட்டார். கிளவுஸை எடுத்துத் துடைக்கிறாள், திரும்ப வைக்கிறாள். நான் எதுவும் கேட்பதில்லை. கேனை ஹாலில் எல்லோர் கைக்கும் எட்டும்படி வைத்திருக்கிறேன். அவள் தூங்கும்போது போய்க் குனிந்து முகர்கிறேன். எதுவும் இல்லை என்றால்தான் என் மூச்சு திரும்பும்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வெயிலில் வந்தாள். டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். வாயருகே கொண்டுபோனவள், ஒரு நொடி நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். தினமும் அப்படித்தான் பார்க்கிறாள். பார்ப்பது அவளுக்கே தெரியுமா என்று தெரியவில்லை. குடி என்று சொல்லலாம். சொன்னால் அனுமதி கொடுத்ததுபோல் ஆகிவிடும். அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவள் தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும்வரை திரும்பவில்லை.