எந்த எண்ணில் நின்றாலும்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று நாற்பது. நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "அத்தான் போயிட்டார்டா" என்றாள் அக்கா போனில். கடையிலேயே மாரடைப்பு.

அத்தான் பெட்டிகளின் எண் பூட்டுகளைப் பழுது பார்ப்பவர். எண்ணை மறந்துவிட்டு வந்து நிற்பவர்களிடம், "கல்யாண நாளை வச்சிருப்பீங்க, அதான் மறந்துபோச்சு" என்பார்.

எனக்கு அவர் செய்ததை எழுதி வைக்க வேண்டும். நான் ஏழாம் மாதத்தில் இரட்டையாகப் பிறந்தவன். கூடப் பிறந்தவன் அன்றே இறந்துவிட்டான். "லட்சத்துல ஒண்ணுதான் இப்படிப் பொழைக்கும்" என்று டாக்டர் சொன்னதை அம்மா இறுகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு அபூர்வமானது தானாக நடந்திருக்காது. ஏதோ பெரிய காரியத்துக்காகவே நான் பிழைத்தேன். ஆகவே நான் டாக்டராக வேண்டும் என்பது அவள் கணக்கு. மருத்துவ நுழைவுத் தேர்வில் மூன்றாம் முறையும் தோற்றபோது, "இதுக்காடா நீ பொழைச்ச?" என்றாள். கூடப் பிறந்தவன் பிழைத்திருந்தால் ஜெயித்திருப்பான் என்று நினைத்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அத்தான் ஐந்து எண் சக்கரங்கள் உள்ள பூட்டு ஒன்றோடு வந்தார்.

"அத்தை, கண்ணை மூடிக்கிட்டு இதை உருட்டுங்க."

அம்மா உருட்டினாள். 4 0 8 3 1.

"இது வர்றதுக்கு லட்சத்துல ஒரு வாய்ப்புதான். காரணமாத்தான் வந்திருக்குமோ?"

"ஏதோ ஒரு எண்ணு வந்துதானே ஆகணும், மாப்பிள்ளை?"

"அப்போ அபூர்வமா வந்துச்சுங்கிறதை மட்டும் வச்சு, ஒரு காரியத்துக்காக அனுப்பினாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"சாமியே இல்லைங்கறீங்களா?"

"அதைச் சொல்ல பூட்டுக்கு ஏது வாய்? இந்தக் கணக்கு அவ்வளவு தூரம் போகாதுங்கறேன்."

"அது வெறும் எண்ணு. இவன் என் புள்ள."

"அதான் நானும் சொல்றேன், அத்தை. புள்ளன்னா போதாதா? எதுக்குப் பொழைச்சேன்னு வேற கேட்கணுமா?"

அம்மா பூட்டைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்துபோய் எனக்குத் தட்டு வைத்தாள். நான்காம் முறை எழுதச் சொல்லவில்லை.

அதன்பின் நான் இன்னொருவன் இடத்தில் வாழ்வதாக எனக்குத் தோன்றியதில்லை. பிடித்த வேலை, பிடித்தவளோடு கல்யாணம், ஞாயிறு மதியத் தூக்கம். எதற்கும் யாருக்கும் காரணம் சொல்லாமல் இருபத்திரண்டு வருடங்கள். இதை ஒருமுறை அவரிடமே சொன்னேன். "அதான் தொப்பையைப் பார்த்தாலே தெரியுதே" என்றார்.

பழுதுக்கு வந்த பெட்டிகளின் சொந்தக்காரர்களுக்கு விஷயத்தைச் சொல்லும்படி அக்கா ஒரு பட்டியல் தந்தாள். பதினொரு பேர். ஒன்பது பேரிடம் பேசிவிட்டேன்; இதை எழுதி முடித்ததும் மீதி இரண்டு பேரிடம் பேச வேண்டும்.